பாலத்துக்கும் ஒரு ஆள் பங்கு

அன்றைக்கு டவுன் பஞ்சாயத்து ஆபீசில் இருந்தவர்கள் இவர்கள்தான். நாற்காலியில் தலைவர், அவருக்கு ரைஸ்மில் உண்டு, மீசையில் எந்நேரமும் கொஞ்சம் தவிடும் உண்டு. பக்கத்தில் நிர்வாக அதிகாரி. எதிரில் பஜார் வார்டு மெம்பர், ஜவுளிக்கடைக்காரர். ஊர் முழுக்க அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்கு அடுத்து தோப்புக்கார மெம்பர், கண்ணை மூடியபடி. கதவோரம் பியூன். கடைசி பெஞ்சில் நான். மேசைக்கடியில் பியூனின் வெள்ளாடு. மொத்தம் ஏழு மெம்பர்களில் மூன்று பேர் வரவில்லை. ஒருவருக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம், ஒருவருக்குப் பல்வலி, இன்னொருவருக்குக் கோபம்.

ஆட்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தோப்புக்காரர் டீ குடிக்க எழுந்தபோது பியூன் தடுத்தார். "நீ போனா ஆட்டத்தான் கணக்குல சேக்கணும் மொதலாளி" என்றார். தோப்புக்காரர் உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மெம்பர் ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெயின் ரோட்டோரம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் இன்னும் பத்தடி. எங்கள் வார்டில் இருந்த மீனவர் குப்பத்தில் இரண்டு கட்சி. இந்தக் கட்சி நிறுத்தும் ஆளுக்கு அந்தக் கட்சி ஓட்டுப் போடாது. குப்பத்துத் தலைவர், நாட்டார் என்று சொல்வார்கள், அவர்தான் வழி கண்டுபிடித்தார். "சைக்கிள் கடைக்காரன் எல்லாத்துக்கும் பயப்படறவன். அதனால ஒருத்தன் பக்கமும் சாய மாட்டான். அவனையே போட்டுடலாம்" என்றார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போடும்போது என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அதற்காகப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றைய கூட்டத்தில் விஷயம் ஒன்றே ஒன்று. அந்த வருஷம் ஊர் வேலைகளுக்கென்று சர்க்கார் கொடுத்ததில் மூவாயிரம் ரூபாய் மிச்சம் இருந்தது. மார்ச் முடிவதற்குள் எடுக்காவிட்டால் அது வந்த வழியே செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அதை எடுப்பதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வேலை எந்த வார்டுக்கோ அந்த வார்டு ஜனங்கள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வேலை நடக்கும். ஒன்றுதான் நடக்கும்.

பாய்க்கு பஜார் தெருவில் சாக்கடை வேண்டும். மழை வந்தால் தண்ணீர் அவர் கடைக்குள் புகுந்து அடித்தட்டில் இருக்கும் கைலிகளையெல்லாம் நனைத்துவிடும். எனக்கு ஓடைமேல் சிறு பாலம் வேண்டும்.

எனக்கு என்றா சொன்னேன்? எனக்கு எதற்குப் பாலம்? குப்பத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் உப்பு ஓடை ஒன்று ஓடும். கோடையிலேயே கடல் ஏறும் நாளில் முழங்காலுக்கு மேல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்புக்கு வரும். மீன் விற்கும் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் இறங்கி ஏறித்தான் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கரையேறி என் கடை வாசலில் நின்று புடவையைப் பிழிவார்கள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டால் அன்றைக்கு மீன் நாறிப்போகும். போன கார்த்திகையில் ஒரு அம்மாள், குப்பமே அவளைக் கூடைக்கார அக்கா என்று சொல்லும், நடு ஓடையில் கால் வழுக்கி ஒரு கூடை கானாங்கெளுத்தியைத் தண்ணீரில் விட்டாள். செத்த மீனெல்லாம் கடலைப் பார்த்து மிதந்து போயிற்று. அவள் என் கடைக்கு வந்து, ஈரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மெம்பரே, அடுத்த மழைக்குள்ள பாலம் வரணும். வரலன்னா தெனம் இந்த ஸ்டூல்லதான் குந்துவேன்."

அந்த ஸ்டூல் வாடகைக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல். எனக்கு அதுவும் கவலை.

கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்து நின்றதும் எல்லாம் போய்விட்டது. "எங்க வார்டுல ஓடை கீது" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் மீசையைத் தடவினார். "தெரியும்யா" என்றார். எலெக்‌ஷன் சமயத்தில் ஓட்டுக் கேட்கப் போய் அதே ஓடையில் இறங்கி, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தவர் அவர். "அந்த இன்னொரு செருப்பு இன்னும் அங்கதான் கீது. புதுச் செருப்பு."

அந்தச் செருப்புதான் பாலத்துக்கு ஓட்டுப் போட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். தீர்மானம் இப்படி ஆயிற்று: மார்ச் இருபத்தைந்தாம் தேதிக் கூட்டத்துக்குள் குப்பத்து ஜனங்கள் ஆயிரத்து ஐந்நூறு கட்டினால் பாலம். கட்டாவிட்டால் அந்தப் பணம் பஜார் சாக்கடைக்கு. பாய் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "கவலப்படாத தம்பி. நீ கட்ட முடியலன்னா நான் ரெடியா வெச்சிகினு இருப்பேன்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, மிரட்டினாரா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வீடு வீடாக வசூலுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. நாட்டாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கரையில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூடு வூடா போனா ஒருத்தனும் டப்பு குடுக்க மாட்டான்" என்றார். "அவன் குடுக்கட்டும்னு இவன் இருப்பான், இவன் குடுக்கட்டும்னு அவன் இருப்பான். வேற மாதிரி பண்ணலாம். கரையில நின்னு கரவலை இழுக்கறதுல இருபத்திரண்டு ஆளு. மீனு ஏலம் போனதும் வலைக்காரனுக்குப் பாதி, மீதிய இருபத்திரண்டா பிரிக்கறோம். இனிமே இருபத்துமூணா பிரிச்சிடு. அந்த இருபத்துமூணாவது ஆளு, பாலம்."

எனக்கு அது பெரிய யோசனையாகத் தோன்றியது. யார் பையிலிருந்தும் எடுக்க வேண்டாம். யாரிடமும் கை நீட்ட வேண்டாம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் குப்பத்தில் இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அதைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் மீன் ஏலம் போனதும் நாட்டார் மணலில் வரிசையாகப் பணத்தைப் பிரித்து வைத்தார். கடைசியில் ஒரு பங்கு தனியாக. "இது பாலத்துது" என்றார். இரண்டே கால் ரூபாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள் தகராறு. இழுக்கிறவர்களில் ஒல்லியாக ஒருவன் இருந்தான், பேச்சு மட்டும் தடியாக இருக்கும்.

"இன்னா நாட்டாரே, ஆளு வராம பங்கு மட்டும் வாங்கினுகீது? எங்க மாமியா கூட இப்டி சும்மா குந்திகினு துன்னதில்ல."

"பாலம் எப்டிடா வந்து கயிறு இழுக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. காய்ச்சல்ல படுத்தா எங்கப்பனுக்கே பங்கு இல்லன்னீங்க. வராத ஆளுக்குப் பங்கு இல்ல. அதான் கட்டு."

கட்டு என்றால் குப்பத்தின் சட்டம். அதை நாட்டாராலேயே மீற முடியாது. எல்லோரும் யோசித்தார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கடலென்றால் பயம். நண்டென்றால் அதைவிடப் பயம். ஆனாலும் மறுநாள் காலையிலிருந்து பாலத்துக்குப் பதிலாக நான் கயிறு இழுத்தேன். வரிசையின் வால் பக்கம், மணலில், தண்ணீர் காலில் படாத இடமாகப் பார்த்து நிற்பேன். யாரும் என்னை மெம்பர் என்று கூப்பிடவில்லை.

"ஏ பாலம்! கயித்த விடாத!"

"பாலம், இன்னா பின்னாலயே போய்கினு கீற? முன்னால வா!"

"டேய், பாலத்துக்கு மூச்சு வாங்குதுடா. இதுமேல பஸ்ஸு வேற போவுமாம்!"

உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சைக்கிள் வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். என் மனைவி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "பாலம் கட்ட மேஸ்திரி கைதான் கெட்டுப் போவும்னு நெனச்சேன்" என்றாள்.

இழுத்து முடித்ததும் கரையில் டீயும் நாஸ்தாவும் வரும். எல்லோரும் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது சும்மா இல்லை, அவரவர் பங்கிலிருந்து பிடிப்பது என்று. பாலத்தின் கணக்கில் ஒன்பது ரூபாய்க்கு இட்லியும் டீயும் ஏறியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று, அன்றோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன். இன்னும் கட்டாத பாலம் அத்தனை இட்லி தின்றிருக்கிறது. அதிலும் இரண்டு தடவை கெட்டிச் சட்னி.

மாசி முடியும்போது மீன் குறைந்தது. சில நாள் வலையில் பாசியும் வழவழ சொறிமீனும்தான். அப்புறம் வந்தது பெரிய அடி. ஒரு காலை வலையை நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மாட்டிவிட்டது. இருபத்துமூன்று ஆளும் இழுத்தோம். கிழிந்துவிட்டது. நான் பயத்தில் அதிகமாக இழுத்ததுதான் காரணமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு உறுத்தல் உண்டு. என் பலத்துக்கு அப்படி நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது ஆறுதலா என்று தெரியவில்லை.

வலை கிழிந்தால் நஷ்டத்திலும் பங்கு. வலைக்காரர் பாதி ஏற்றுக்கொள்வார், மீதி இழுத்தவர்கள் தலைமேல் விழும். தலைக்கு எண்பது ரூபாய் வந்தது.

"பாலத்துக்குமா?" என்று கேட்டேன்.

நாட்டாருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "லாபத்துல ஆளா நின்னுது. நஷ்டத்துல மட்டும் கல்லுன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான் நைனா?"

மார்ச் இருபத்துநாலாம் தேதி கணக்குப் பார்த்தோம். பாலம் மொத்தமாகச் சம்பாதித்தது எழுபத்தோரு ரூபாய் ஐம்பது காசு. நாஸ்தாவுக்கு ஒன்பது ரூபாய். வலைக்கு எண்பது. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் போதவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வசூலிக்கப் போன பாலம், குப்பத்துக்கே கடன்பட்டிருந்தது.

மறுநாள் காலை கூடைக்கார அக்கா கடை வாசலில் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "இன்னா மெம்பரே, எவ்ளோ சேந்துது?"

அழுகை வராத குறையாகச் சொன்னேன். அவள் பிழிவதை நிறுத்தினாள்.

"ஆம்பளைங்க மீன்லயா பாலத்துக்குப் பங்கு போட்டீங்க?"

"ஆமா அக்கா."

"அந்த ஓடையில தெனம் எறங்கறது யாரு?"

"நீங்கதான்."

"எங்ககிட்ட கேட்டீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. தீர்மானத்தில் 'பொதுமக்கள்' என்று இருந்தது. நாட்டாருக்கும் தோன்றவில்லை, இரண்டு கட்சிக்கும் தோன்றவில்லை. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் போகாமல், வந்த வழியே ஓடையில் இறங்கிக் குப்பத்துக்குத் திரும்பினாள். பஸ் அவள் இல்லாமல் போயிற்று.

பதினோரு மணிக்குக் கூட்டம். முன்பு வந்த அதே ஆட்கள், அதே ஆடு. பாய் இடுப்பு பெல்ட் பையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; ஆயிரத்து ஐந்நூறும் உள்ளே இருப்பது பையின் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. நிர்வாக அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

"குப்பத்து வசூல் எவ்வளவு?"

"பதினேழு ரூபா ஐம்பது காசு சார்."

"அவ்வளவுதானா?"

"அது வந்ததில்ல சார். தர வேண்டியது."

"யார் தர வேண்டியது?"

"பாலம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பாலம்?"

"நாம கட்டப்போற பாலம்தான் சார்."

நான் கரைவலையிலிருந்து கெட்டிச் சட்னி வரை எல்லாவற்றையும் சொன்னேன். எதையாவது விட்டால் தப்பாகிவிடும் என்று பயந்து பாறையையும் சொன்னேன். தலைவர் மீசையிலிருந்து தவிடு உதிரும் அளவுக்குச் சிரித்தார். தோப்புக்காரர் கண்ணைத் திறந்து, "யாரு கடன் வாங்கனது?" என்று கேட்டார். பியூன் அவர் காதில் சொன்னார். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தொப்பை மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அதிகாரிதான் சிரிக்கவில்லை. "இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்றார்.

பாய் பையின் பித்தானைக் கழற்றினார். "அப்போ சாக்கடைக்கே எழுதிக்கங்க சார்" என்றார். என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் அந்த ஸ்டூலை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கூடைக்கார அக்கா முன்னால், அவள் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அன்றைக்குக் கடல் ஏறின நாள். எல்லோருக்கும் தொடைவரை ஈரம். ஆபீஸ் தரையில் உப்புத்தண்ணீர் ஓடி மேசைக்கடிக்குப் போனது. ஆடு எழுந்து வெளியே நடந்தது.

அக்கா மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அதிகாரியின் காகிதங்கள்மேல் வைத்தாள். "ஆயிரத்து ஐந்நூறு கீது. எண்ணிக்க."

"ஏதும்மா இவ்வளவு பணம்?"

"நாங்க முப்பது பொம்பளைங்க சீட்டு போடறோம். இந்த மாசச் சீட்டு பாலத்துக்கு. அத திருப்பி வசூல் பண்றது எங்க பாடு."

"யாருகிட்ட வசூல் பண்ணுவ?" என்று தலைவர் கேட்டார்.

"வூட்ல சோறு துன்றவன்கிட்ட. கஞ்சியில மீனு கம்மியானா தானா குடுப்பான்."

அதிகாரி நோட்டுகளை எண்ணினார். ஒவ்வொரு நோட்டும் கருவாட்டு வாசனை. பியூன் ஜன்னலைத் திறந்தார். சரியாக இருந்தது. "ரசீது யார் பெயரில்?" என்று அதிகாரி கேட்டார்.

"பாலத்து பேர்லயே போடு."

"அப்படிப் போட முடியாதும்மா."

கடைசியில் என் பெயரில் போட்டார். அந்த ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

பாய் தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார், அந்தப் பெண்களின் கால்களைப் பார்த்தார், பித்தானைப் போட்டுக்கொண்டார். "எங்க கைலிங்க இன்னொரு மழை நனையட்டும்" என்றார். "ஆனா தம்பி, வலையிலயும் ஆளு, சீட்டுலயும் ஆளு. அடுத்த எலெக்‌ஷன்ல உன்ன வுட்டுட்டு அந்தப் பாலத்தையே நிக்க வெச்சிடுவாங்க, பாத்துக்க."

அது வேடிக்கைக்குச் சொன்னது. நான்தான் ரொம்ப நாள் அதை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பாலம் முடிந்தது. பெரிய பாலம் ஒன்றும் இல்லை. நாலு சிமெண்டுக் குழாய், மேலே மண், ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர். தோண்டும்போது தலைவரின் செருப்பு கிடைத்தது. நண்டு குடியிருந்ததால் அவர் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த கார்த்திகையில் நல்ல மழை. கூடைக்கார அக்கா கால் நனையாமல் நடந்து வந்து, என் கடையில் நிற்காமலே, பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நின்றாள். அந்த ஸ்டூலில் அதற்கப்புறம் அவள் உட்காரவில்லை. சீட்டுப் பணத்தை ஒரு வருஷத்துக்குள் பெண்கள் வசூல் செய்துவிட்டார்கள். கஞ்சியில் மீன் குறைந்ததோ என்னவோ, அந்த ஒல்லிப் பேச்சுக்காரன் இன்னும் ஒல்லியானான். பாய்க்கும் மறு வருஷம் சாக்கடை வந்தது.

வலைக் கணக்கு மட்டும் தீரவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு நாட்டாரிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ எதுக்கு நைனா குடுக்கற? கடன் உன்னுதா? பாலத்துது. ஒரு ஆளு கடன இன்னொரு ஆளுகிட்ட வாங்கக் கூடாது. அதான் கட்டு."

"பாலம் எப்படித் தரும் நாட்டாரே?"

"இருக்கட்டும். அது எங்க ஓடிப் போவப் போவுது?"

பஞ்சாயத்திலும் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதிரிச் செலவுக்குத் தலைப்பே இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். கரைவலை ஆட்கள் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் நடுவில் நின்று, காலால் ஒரு தட்டுத் தட்டி, "இன்னா மச்சான், எப்ப குடுப்ப?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போது எனக்குத்தான் முகம் சுருங்கும். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் தாண்டுவேன். நாட்டார் போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கு எழுதிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வரவு, நாஸ்தா, வலை, எல்லாம் நேராக இருக்கிறது. பாலம் பாக்கி, பதினேழு ரூபாய் ஐம்பது காசு.